குதிக்கும் தீ வேறு, சுற்றும் தீ வேறு

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் ஒவ்வோர் உலகமும் ஒரு கோட்டையில் போய் முடியும். அந்தக் கோட்டைக்குள் நெருப்பு மூன்று விதமாக வரும். கீழே கொதிக்கிற எரிமலைக் குழம்பிலிருந்து ஒரு தீயுருண்டை நேராக மேலே எகிறி, மறுபடியும் குழம்புக்குள்ளேயே விழும். இன்னோர் இடத்தில் வரிசையாகக் கோத்த தீயுருண்டைகள், ஒரு முனையைக் கல்லில் ஊன்றிக்கொண்டு வட்டமடிக்கும். கடைசியில் பாலத்தின் மேல் நிற்கிற வில்லன் பௌசர் ஊதும் தீ குறுக்கே மிதந்து வரும். நிறத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1990-களில் செம்பரம்பாக்கத்தில் எங்கள் தெருப் பையன்கள் இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டதே கிடையாது. குதிக்கிறது, சுத்துறது, ஊதுறது. இவ்வளவுதான் பெயர். பர்மா பஜாரில் வாங்கி வந்த டிவி கேம் பெட்டியோடு எந்தப் புத்தகமும் வரவில்லை. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்துக்கும் உள்ளே இருந்த விளையாட்டுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. ஜப்பான்காரர்கள் அந்தத் தீக்கு என்ன பெயர் வைத்தார்கள், அமெரிக்காவில் என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ‘டேய், குதிக்கிறது வருது’ என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினால், விளையாடுகிறவன் நின்றுவிடுவான். அது விழுந்த பிறகு தாண்டுவான். ‘சுத்துறது’ என்று கேட்டால் நிற்க மாட்டான். அது மேலே ஏறும் நேரம் பார்த்து அடியில் புகுந்து ஓடுவான். என்ன செய்ய வேண்டும் என்பது பெயருக்குள்ளேயே இருந்தது.

அவை சரியான பெயர்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். நான் தீயணைப்பு சிலிண்டர்களைப் பரிசோதித்து, ரீஃபில் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். பூந்தமல்லி, திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, அந்தப் பக்கம் ஆவடி, அம்பத்தூர் என்று என் நாள் முழுக்கப் பட்டறைகளிலும் கம்பெனிகளிலும் கழிகிறது. எந்த நெருப்புக்கு எது என்பதுதான் என் பிழைப்பு. அதனால், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வீடியோ கேமில் வரும் நெருப்பு எதிரிகளை வகை பிரித்து, இது அதன் இனமா, வேறா என்று மணிக்கணக்கில் வாதாடும்போது, ‘வேற வேலை இல்லையா’ என்று என்னால் அதட்ட முடிவதில்லை. அவர்கள் செய்வதும் ஒரு வேலைதான். பெரியவர்கள் பலர் சரியாகச் செய்யாத வேலை.

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். பக்கத்தைக் குறுக்கே திருப்பி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறாள். முதல் கட்டத்தில் ஆண்டு, அடுத்ததில் விளையாட்டின் பெயர், அதற்கடுத்து அந்த எதிரியின் எல்லாப் பெயர்களும். பிறகு எப்படி நகரும், தொட்டால் என்ன ஆகும், எதற்கு அடங்கும். கடைசிக் கட்டம் சிவப்பு மையில், ‘சந்தேகம்’. அந்தக் கட்டம்தான் நோட்டிலேயே அதிகம் நிறைந்திருக்கிறது. ஓர் அறிவியல் மாணவிக்கு இதைவிட நல்ல பழக்கம் எது?

அவள் நோட்டிலிருந்தே ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 1985-இல் வந்த முதல் ‘சூப்பர் மாரியோ’வில் குழம்பிலிருந்து குதிக்கிற அந்தத் தீக்கு ஆங்கிலத்தில் ‘போடோபூ’ என்று பெயர். ஜப்பானில் அதற்குத் தொடக்கத்திலிருந்தே ‘பபுள்’தான். பின்னாளில் வந்த மாரியோ விளையாட்டுகளில் ஆங்கிலத்திலும் அது ‘லாவா பபுள்’ ஆகிவிட்டது. இதற்கிடையில் அதே நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘செல்டா’ வரிசையில் 1986-லிருந்து ‘பபுள்’ என்று வேறொன்று இருக்கிறது. தீ சூழ்ந்த மண்டையோடு அது. குழம்பிலிருந்து குதிக்காது, அறைக்குள் அலைந்துகொண்டிருக்கும். நம் ஆள்மேல் பட்டால் கொஞ்ச நேரம் வாளை ஓங்க முடியாது. 1991-இல் ஜப்பானில் வந்த செல்டாவின் ஆங்கில வடிவத்தில் இதற்கு ‘ஆன்டி ஃபேரி’ என்று பெயர் சூட்டினார்கள். ஜப்பானியர்களுக்கு அது பழைய பபுளேதான். 1993-இல் இன்னும் ஒரு திருப்பம். ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ என்ற செல்டா விளையாட்டுக்குள் மாரியோவின் போடோபூ வந்து குழம்பிலிருந்து குதித்தது.

ஆக, ஒரே எதிரிக்கு இரண்டு மூன்று பெயர்கள். ஒரே பெயருக்குள் இரண்டு எதிரிகள். நிறுவனம் வைத்த பெயரே முடிவு என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, எந்த ஆண்டு வைத்த பெயர், எந்த நாட்டில் வைத்த பெயர் என்பதுதான். நிறுவனம் தன் வசதிக்குப் பெயரை மாற்றிக்கொண்டே போகும். விற்பனைப் பிரிவில் ஒருவர், மொழிபெயர்ப்புப் பிரிவில் ஒருவர், பத்து வருஷம் கழித்து வந்து சேர்ந்த இன்னொருவர் என்று அந்தப் பெயர்களின்மேல் பல கைகள் பட்டிருக்கின்றன. வரிசை முழுக்க விளையாடிப் பார்த்த பிள்ளைகளிடம்தான் முழு வரலாறும் இருக்கிறது.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? என் கட்சி தெளிவானது. எப்படி நகர்கிறது, தொட்டால் என்ன செய்கிறது, எதற்கு அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போனால் பெயர் என்னவாக இருந்தாலும் அது ஒரே இனம். இந்தக் கணக்கில் போடோபூவும் லாவா பபுளும் ஒன்று. செல்டாவின் பபுள், பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும், வேறு. அக்கா மகளும் இதை ஒப்புக்கொள்கிறாள். அவள் அண்ணன் ஒப்புக்கொள்வதில்லை. ‘உருவம் முக்கியம் மாமா, டிசைன் பண்ணினவங்க உருவத்தைத்தானே முதல்ல வரையறாங்க’ என்பது அவன் வாதம்.

உருவத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு முதல் மாரியோவிலேயே சாட்சி இருக்கிறது. முதல் ஏழு உலகங்களின் கோட்டைகளிலும் கடைசியில் பௌசர் நிற்கிறார். கொம்பு, ஓடு, வாயில் தீ என்று பார்ப்பதற்கு ஒரே பௌசர். பெரும்பாலானோர் அவரைத் தாண்டிப் போய்க் கோடாரியைத் தொட்டுப் பாலத்தை அறுத்து விழவைப்பார்கள். அப்படிச் செய்கிறவர்களுக்குக் கடைசிவரை உண்மை தெரியாது. பூவை எடுத்துத் தீ எறியும் சக்தியோடு கோட்டை வரைக்கும் உயிரோடு வந்து, பௌசர்மேல் ஐந்து முறை எறிந்து பாருங்கள். விழும்போது வேஷம் கலையும். முதல் உலகத்தில் அது சாதாரணக் காளான் எதிரியான கூம்பா. இரண்டாம் உலகத்தில் ஆமை. ஐந்தாம் உலகத்தில் மேகத்தின்மேல் உட்கார்ந்து வருகிற லகிட்டு. எட்டாம் உலகத்தில் நிற்பவர்தான் நிஜமான பௌசர். ஏழு பேருக்கும் ஒரே உருவத்தை மாட்டிவிட்ட அந்த விளையாட்டைச் செய்தவர்கள், எதனால் அடித்தால் உண்மை வெளியே வரும் என்ற சோதனையையும் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இதைக் கண்டுபிடித்த பையனுக்கு அன்று கிடைத்த மரியாதை பள்ளியில் முதல் ரேங்க் எடுத்தவனுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

ஒன்றுபோலத் தெரியும் எதிரிகள் இத்தனை இருப்பதற்குக் காரணமும் உண்டு. முதல் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. அந்தச் சின்ன இடத்துக்குள் எட்டு உலகங்களை அடைக்க வேண்டுமென்றால், வரைந்த படத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் அதில் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றிலும் நிறம் மாற்றிய எதிரிகள் வரிசை வரிசையாக வந்தது இப்படித்தான்.

ஆனால் நிறம் எப்போதும் வெறும் பூச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. முதல் செல்டாவை ஒருமுறை முடித்துவிட்டு இரண்டாம் சுற்று ஆடினால், சிவப்பு பபுளும் நீல பபுளும் வரும். சிவப்பு பட்டால் வாள் போய்விடும், தானாகத் திரும்பாது. நீலத்தைத் தேடிப் போய் அதன்மேல் பட்டால் திரும்பக் கிடைக்கும். உருவம் ஒன்று, அசைவும் ஒன்று, விளைவோ நேர் எதிர். இங்கே நிறம்தான் அடையாளம். ‘பபுள்’ என்று ஒரே பெயரில் எழுதிவிட்டுப் போனால் விளையாடுகிறவனுக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் தொட்டால் என்ன செய்கிறது என்ற கட்டத்தை விடக் கூடாது என்கிறேன்.

பெயரும் குணமும் பிரியாமல் வந்த ஒரு நெருப்பு எதிரியும் உண்டு. ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையில் 1988-இல் இரண்டாம் விளையாட்டில் அறிமுகமான ‘பாம்’. முகம் உள்ள தீப்பந்து. அதன் குணம் தன்னையே வெடித்துக்கொள்வது. பத்தாம் விளையாட்டில் அடிக்க அடிக்கப் பெருக்கும், மூன்றாம் முறை பெருத்த பிறகு வெடித்துவிடும். பொதுவாக, தீ மந்திரம் போட்டால் அதற்குத் தீனி. பனி மந்திரம்தான் மருந்து. இத்தனை ஆண்டுகளில் வரைபவர்கள் மாறினார்கள், கருவிகள் மாறின, கதைகளுக்குள் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. ஆனாலும் ஒரு புதிய விளையாட்டில் ‘பாம்’ வந்தால், பழைய ஆட்டக்காரருக்கு எப்படி எதிர்கொள்வது என்று தெரியும். பெயர் வைப்பது என்றால் இப்படி வைக்க வேண்டும்.

செயலைக் கொண்டு இனம் பிரிப்பது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையைக் கொண்டு அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு. எறும்பும் கரையானும் மூவறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. நண்டையும் தும்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உருவத்தில் ஓர் ஒற்றுமையும் இல்லை. ஒன்று சேற்றில் ஊரும், ஒன்று காற்றில் பறக்கும். ஆனாலும் எதை உணர முடிகிறது என்ற ஒரே அளவுகோலால் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். இன்றைய உயிரியல் அந்த அடுக்கை ஏற்காது. என்றாலும், கண்ணில் படுவதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டு அதன்படி பிரிக்க வேண்டும் என்ற துணிவு அங்கே இருக்கிறது.

பெயர்ச் சண்டைக்கும் உயிரியலில் ஒரு தீர்ப்பு முறை உண்டு. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு 1758-இல் வந்த லின்னேயஸின் நூற்பதிப்பைத் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். ஒரே விலங்குக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்திருந்தால், பொதுவாக முதலில் வெளியான பெயரே நிற்கும். மற்றதை அழித்துவிட மாட்டார்கள், இணைப்பெயராகக் குறித்து வைப்பார்கள். விளையாட்டு எதிரிகளுக்கும் இதையே சொல்கிறேன். முதல் பெயர் தலைப்பில் இருக்கட்டும். பின்னால் வந்தவை, நாட்டுக்கு நாடு மாறியவை எல்லாம் கீழே வரட்டும். எங்கள் தெருவின் ‘குதிக்கிறது’ம் அந்தப் பட்டியலில் ஓரமாக இருக்கட்டும். அதையும் பிள்ளைகள் உண்மையாகவே பயன்படுத்தினார்கள்.

விளையாட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். எங்கள் ஊர் ஏரி நிறைந்தால் 24 அடி. கோடையில் தண்ணீர் பின்வாங்கும்போது உள்வாய்ப் பக்கம் சேறும் அழுகிய புல்பூண்டுமாக விரிந்து கிடக்கும். பழைய ஆட்கள் அந்தப் பக்கம் இரவில் கொள்ளிவாய்ப் பிசாசு பார்த்ததாகச் சொல்வார்கள். பெரியப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பேன். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. அவர் சொன்னது ஒரே சமாச்சாரம் கிடையாது. ஒன்று ஒரே இடத்தில் நீலமாக எரிந்து அணைந்துவிடும். ஒன்று கரையோரமாக நகரும், ஆள் நின்றால் அதுவும் நிற்கும். ஒன்று தூரத்தில் தெரிந்து, போகப் போக விலகும். மூன்றாவது அக்கரையில் வலை போடுகிறவர் கையிலிருந்த விளக்காக இருந்திருக்கலாம். முதலாவது சேற்றிலிருந்து கிளம்பிய வாயுவாக இருந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே பெயர்தான். அந்த ஒரே பெயருக்கு அடியில் மூன்று கதைகள் புதைந்துவிட்டன.

1776-ஆம் ஆண்டை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்த ஆண்டில் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பாத்திரத்தில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். இன்று மீத்தேன் என்கிறோமே, அது. மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. காற்றுப் பட்டதும் தானே எரியும் பாஸ்பரஸ் வாயு ஒன்று அதோடு கலந்துவருவதே சதுப்பு வெளிச்சத்துக்குக் காரணம் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் விளக்கம். அதே 1776-இல் ஜப்பானில் தோரியாமா சேகியென் என்ற ஓவியர், பேய் பிசாசுகளுக்கென்றே ஒரு படத் தொகுதி வெளியிட்டார். அதில் நெருப்புப் பேய்கள் மட்டுமே பல. மரத்திலிருந்து தொங்கும் தீக்கு ‘த்சுருபேபி’, கிழவியின் முகம் கொண்டு பறக்கும் தீக்கு ‘உபாகாபி’, பறவை உருவில் வருவதற்கு ‘ஃபுராரிபி’, பிணத்தைத் தூக்கிச் செல்வதற்கு ‘காஷா’ என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனிப் பெயர்.

நெருப்பைப் பிடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்தார். மக்கள் எத்தனை விதமாக நெருப்பைக் கண்டார்கள் என்று இன்னொருவர் வரைந்து வைத்தார். இரண்டும் வேண்டும். ஜப்பானில் சேகியெனின் அந்தப் படப் பட்டியல் வழக்கம்தான் பின்னாளில் அவர்களுடைய காமிக்ஸுக்கும் வீடியோ கேமுக்கும் தீனி போட்டது என்பது என் எண்ணம். நம் ஏரிக்கரைகளில் காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு முழுக்க எத்தனை கொள்ளிவாய்க் கதைகள் இருந்திருக்கும்! வங்காளத்தில் ‘ஆலேயா’, கட்ச் பகுதியில் ‘சீர் பத்தி’ என்று இந்தியாவிலேயே இதற்குச் சொந்தக்காரர்கள் பலர். நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் ஒரு நோட்டும் பேனாவுமாக அந்தக் கதைகளைச் சொல்லும் பெரியவர்களிடம் போக வேண்டும். எங்கே பார்த்தீர்கள், என்ன நிறம், நகர்ந்ததா, எப்படி அணைந்தது என்று கேட்டு எழுத வேண்டும். அக்கா மகளின் கட்டங்களே போதும்.

இதெல்லாம் விளையாட்டும் பேய்க்கதையும்தானே என்பவர்களை என் பட்டறைக்குக் கூப்பிடுகிறேன். எங்கள் தொழிலில் நெருப்புக்கு எழுத்துகளால் பெயர். மரம், காகிதம், துணி எரிந்தால் ‘ஏ’. பெட்ரோல், தின்னர் போன்ற திரவம் எரிந்தால் ‘பி’. எரிவாயு என்றால் ‘சி’. மெக்னீசியம், சோடியம் போன்ற உலோகம் என்றால் ‘டி’. சமையல் எண்ணெய்க்குச் சர்வதேசத் தர வகைப்பாட்டில் ‘எஃப்’. வெளியே நின்று பார்த்தால் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாக எரிகிற தீதான். ஆனால் ஒன்றைக் கொல்கிற ஆயுதம் இன்னொன்றுக்குச் சாப்பாடு.

அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் மெக்னீசியக் கலவையில் பாகங்கள் கடைகிறார்கள். லேத்துக்கு அடியில் வெள்ளிச் சுருளாகச் சீவல் குவிந்து கிடந்தது. ‘இதுல பிடிச்சா என்ன பண்ணுவீங்க தம்பி’ என்று கேட்டேன். அந்தத் தம்பி கொஞ்சமும் யோசிக்காமல், சுவரில் மாட்டியிருந்த கரியமில வாயு சிலிண்டரைக் காட்டினார். மெக்னீசியம் கரியமில வாயுவுக்குள்ளேயே எரியும். அந்த வாயுவில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, கரியைத் துப்பிவிட்டு எரியும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம், ஹைட்ரஜன் கிளம்பும். அதற்கென்றே செய்த உலர்ந்த தூள் வேண்டும், இல்லையென்றால் ஈரமே இல்லாத மணல் வேண்டும். அந்தத் தம்பியின் தவறு என்று இதைச் சொல்ல மாட்டேன். நெருப்பு என்றால் நெருப்பு, சிலிண்டர் என்றால் சிலிண்டர் என்றுதான் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் செல்போனில் எந்த விளையாட்டு ஆடுகிறார் என்று விசாரித்தால், எந்த எதிரிக்கு எந்த ஆயுதம் என்று மூச்சு விடாமல் சொல்வார். அதே மூளைதான்.

போடோபூ, பபுள் குழப்பமும் இங்கே அப்படியே இருக்கிறது. நம் நாட்டு முறையில் ‘சி’ என்றால் வாயுத் தீ. அமெரிக்க முறையில் ‘சி’ என்றால் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் பிடித்த தீ. சமையல் எண்ணெய்க்கு அவர்கள் ‘கே’ என்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை பக்கமெல்லாம் வெளிநாட்டு இயந்திரங்கள். அவற்றோடு அந்தந்த நாட்டுக் கையேடும் வரும். அமெரிக்கக் கையேட்டில் ‘சி’ என்று படித்தவர் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சுவர் அட்டையில் ‘சி’ என்று படித்தவர் கேஸ் வால்வைத் தேடி ஓட வேண்டும். ஒரே எழுத்து, ஓட வேண்டிய திசை வேறு.

வீட்டுச் சமையலறையிலும் இதே கதைதான். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் கை முதலில் தண்ணீருக்குத்தான் போகும். தண்ணீர், கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். எண்ணெயைத் தூக்கி எறிந்துகொண்டு தீ கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்துத் தட்டம் போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். அது அடிக்க அடிக்கப் பெருத்து வெடிக்கும் வகை என்று தெரிந்தவர் தண்ணீர் ஊற்ற மாட்டார்.

பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள். தீ விபத்துச் செய்தி என்றால், ‘மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது’ என்று ஒரு வரி எப்போதும் தயாராக இருக்கிறது. கசிவு எதில், எரிந்தது பஞ்சா, தின்னரா, பிளாஸ்டிக்கா, எதைக்கொண்டு அணைத்தார்கள், முதலில் எதைக்கொண்டு அணைக்கப் பார்த்துத் தோற்றார்கள் என்பது செய்தியில் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த விவரம் இருந்தால்தான் படிக்கிறவர் தன் கடையை, தன் பட்டறையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவு அது. அந்தக் கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒன்றாக இருந்தன. தனித்தனியாகப் பார்க்க வேண்டிய இரண்டு எதிரிகளை ஒரே கப்பலின் வயிற்றுக்குள் அடைத்திருந்தார்கள். அந்த வாரத்தில் எங்களைப் போன்றவர்களைச் செயல்விளக்கத்துக்குக் கூப்பிடுகிறார்கள். பின்னை இழு, குழாயைப் பிடி, அழுத்து என்று காட்டிவிட்டு வருகிறோம். அது போதாது. பிள்ளைகளிடம் முதலில் அவர்களுடைய நெருப்பு எதிரிகளைக் கேட்க வேண்டும். எப்படி நகரும், தொட்டால் என்ன ஆகும், எதற்கு அடங்கும் என்று அவர்களையே கரும்பலகையில் எழுதவிட வேண்டும். அதே மூன்று கேள்விகளை வாணலித் தீக்கும், கேஸ் தீக்கும், மெக்னீசியத் தீக்கும் கேட்க வேண்டும். ஒரு வகுப்பு நேரம் தாராளமாகப் போதும்.

சிலிண்டரின்மேல் ஒட்டும் அட்டையும் மாற வேண்டும். இப்போது அதில் ஆங்கில எழுத்துகளும் சின்னப் படங்களும் இருக்கின்றன. எங்கள் பகுதித் தொழிற்சாலைகளில் தமிழ் பேசுகிறவர்களோடு ஒடிசா, பீகார் பிள்ளைகளும் நிறைய வேலை செய்கிறார்கள். எந்தத் தீக்கு இது உதவும் என்பதைவிட, எந்தத் தீக்கு இதைத் தொடவே கூடாது என்பது பெரிய எழுத்தில் வேண்டும். ‘உலோகத் தீக்கு அடிக்காதே’, ‘எண்ணெய்த் தீக்கு ஊற்றாதே’ என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு வரி, பின்னை இழுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் ரீஃபில் செய்து கொடுக்கும் சிலிண்டர்களில் இந்த வரிகளைக் கூடுதலாக அச்சடித்து ஒட்டித்தான் அனுப்புகிறேன். திருமழிசையில் ஓர் அச்சகம் மூன்று மொழியிலும் போட்டுத் தருகிறது. ஒரு சிலிண்டருக்கு ஆகும் செலவு ஒரு டீ காசுகூட இல்லை.